குனிந்து எறிகிறவனும் முருங்கைக்கீரையும்

என் தொழிலைச் சொன்னால் நம்மவர்கள் முதலில் சிரிக்கிறார்கள். அப்புறம் "நிஜமாவா?" என்கிறார்கள். நிஜம்தான். அமெரிக்கக் கால்பந்தில் நான் லாங் ஸ்னாப்பர். குனிந்து நின்று என் கால்களுக்கு நடுவே பந்தைப் பின்னால் எறிவேன். பதினைந்து கஜம் தள்ளி நிற்பவன் அதைப் பிடித்து உதைப்பான். நான் எறிந்த மறுகணம் எதிரணியிலிருந்து ஒரு மலை மாதிரி ஆள் என் மேல் வந்து விழுவான். அவ்வளவுதான் வேலை. ஓர் ஆட்டத்தில் பத்துத் தடவை வந்தால் அதிகம். இதற்கென்று தனியாக ஓர் ஆளை வைத்துக்கொள்வார்கள். டெக்ஸாஸில் ஓர் அணி என்னை எட்டு வருடம் வைத்துக்கொண்டது. சும்மா இல்லை, அவ்வளவு நன்றாக எறிவேன்.

இந்தத் தொழிலில் கெட்டிக்காரன் என்பதற்கு ஒரே அடையாளம், உன்னை யாருக்கும் தெரியக்கூடாது. பந்து சரியாகப் போனால் டிவியில் பேசுகிறவர்கள் உதைத்தவனைப் பற்றிப் பேசுவார்கள். தப்பாகப் போனால்தான் என் பேர் வரும். அதுவும் என் பேர் இல்லை, அப்பா பேர். நம் வீட்டு வழக்கப்படி என் கடைசிப் பேர் அப்பாவின் பேர்தானே. சட்டையின் முதுகில் பொன்னுசாமி என்று கொட்டை எழுத்தில் இருக்கும். மூன்றாம் வருடம் மழையில் ஒரு பந்து வழுக்கி, உதைக்கிறவன் தலைக்கு மேலே போய்விட்டது. அன்றைக்கு நாடே பொன்னுசாமியைத் திட்டியது. அப்பா கலிஃபோர்னியாவில், பிளசன்டன் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தவர், எனக்குப் போன் போட்டார். "நான் என்னடா பண்ணேன்?"

அம்மாவுக்கு இந்த நியாயம் பிடிபடவே இல்லை. ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் அதே புகார். "டிவிக்காரன் பேரையே சொல்லலையே கண்ணு. நீ ஆடுனியா இல்லியா?" ஆடினேன் அம்மா, நன்றாக ஆடினேன், அதனால்தான் சொல்லவில்லை என்று எட்டு வருடம் சொல்லியிருக்கிறேன். "என்னமோ போ" என்பாள்.

திருப்பூரில் எட்டாம் வகுப்பு முடித்துவிட்டு இங்கே வந்தவன் நான். அதனால்தான் இதைத் தமிழில் எழுத முடிகிறது. எங்கள் பக்கத்துத் தமிழ்ச் சங்கத்தார் உன் ஆஸ்பத்திரிக் கதையை ஆண்டு மலருக்கு எழுது என்று கேட்டபோது ஒத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. மூச்சு வாங்கினால் கேஸ் என்று சொல்லி ஓமத்தண்ணீர் குடிக்கிற கூட்டம் நாம். படித்துவிட்டு ஒருத்தராவது காரில் ஏறி டாக்டரிடம் போனால் போதும்.

போன ஜனவரியில் சீசன் முடிந்ததும் வலது கணுக்காலில் சின்ன ஆப்பரேஷன். உடைந்து மிதந்த எலும்புத் துணுக்கை எடுத்தார்கள். காலில் ஆஸ்பத்திரியில் கொடுத்த பெரிய பூட்ஸை மாட்டிக்கொண்டு, பத்து நாள் அம்மா கையால் சாப்பிடலாம் என்று நானும் என் மனைவி நித்யாவும் கலிஃபோர்னியாவுக்கு விமானம் ஏறினோம். எனக்கு ஜன்னல் பக்கம். பூட்ஸ் காலோடு இரண்டு பேரைத் தாண்டிப் போக யார் எழுந்திருப்பது என்று, வழி முழுக்க அசையாமல் உட்கார்ந்திருந்தேன். தண்ணீரும் குடிக்கவில்லை. குடித்தால் எழுந்திருக்க வேண்டுமே.

மூன்றாம் நாள் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது. வலி என்பது எனக்குப் பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி, தினமும் எட்டிப் பார்ப்பான். கண்டுகொள்ளவில்லை. மறுநாள் காலை மாடிப்படி ஏறும்போது பாதியில் மூச்சு நின்றுபோனது போல இருந்தது. டெக்ஸாஸ் வெயிலில் சட்டை நனைய ஓடுகிறவன், ஏழாவது படியிலோ எட்டாவது படியிலோ உட்கார்ந்துவிட்டேன்.

நித்யா கீழே இருந்து பார்த்தாள். "என்ன, அங்கேயே உக்காந்துட்ட?"

"சும்மாதான்."

"சும்மாவா? லிப்ஸ் ஒரு மாதிரி இருக்கு. எழுந்திரு, கார்ல ஏறு."

"டிஃபன் சாப்டுட்டு..."

"கார்ல ஏறுன்னேன்."

அவள் சேலத்துக்காரி. இரண்டாம் தடவை சொன்னதே பெரிய விஷயம். ஏறினேன்.

எமர்ஜென்சியில் என்னைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனார்கள். மேஜையில் பதிவு செய்துகொண்டிருந்த பெண் அம்மாவிடம், கடைசிப் பேர் என்ன என்று கேட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அம்மா அப்பாவின் பேரை வாய்விட்டுச் சொன்னதில்லை. மகன் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும்போதும் சொல்லவில்லை. அப்பாவைக் கையால் காட்டி, "ஹிஸ் நேம்" என்றாள். அந்தப் பெண் அப்பாவைப் பார்த்து, "நீங்கள்தான் நோயாளியா?" என்றாள். மூச்சு இருந்திருந்தால் சிரித்திருப்பேன்.

என்னவென்று எளிமையாகச் சொல்கிறேன். கால் அசையாமல் இருந்தால் அங்கே ரத்தம் தேங்கும். தேங்கினால் சிலருக்கு உறைந்து கட்டியாகும். அந்தக் கட்டியிலிருந்து ஒரு துண்டு பிய்ந்து ரத்தத்தோடு மேலே போய் நுரையீரல் குழாயில் அடைத்துக்கொள்ளும். எனக்கு அப்படித்தான் அடைத்திருந்தது, இரண்டு பக்கமும். மருந்தைச் செலுத்தி ஸ்கேன் எடுத்தார்கள். அந்த மருந்து ஏறும்போது உடம்பு முழுக்கச் சூடு பரவும், பயப்படாதீர்கள், ஒரு நிமிடத்தில் போய்விடும். அப்புறம் ரத்தம் உறையாமலிருக்க ஊசி, வயிற்றில், காலையும் மாலையும். வயிறு முழுக்கக் கத்தரிப்பூ நிறத்தில் திட்டுத் திட்டாக ஆனது.

முதல் ராத்திரி பயந்தேன். தடியன், எட்டு வருடம் மலைகளோடு மோதினவன், பக்கத்து நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்த நித்யாவின் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். செத்துப்போவேனோ என்று பயந்தேன். விடிந்து, சாகவில்லை என்று தெரிந்ததும் அடுத்த பயம் வந்தது. இனிமேல் ஆட முடியுமா?

அந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருந்தவர் டாக்டர் எலன். ரத்த நோய் டாக்டர். ஒட்ட வெட்டிய நரை முடி, கால்பந்து பற்றி ஒன்றும் தெரியாதவர், தெரியாது என்று சந்தோஷமாகச் சொல்கிறவர். மூன்றாம் நாள் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். ஒரு பரிசோதனையில் என் ரத்தத்தில் தானாகவே உறையத் தூண்டுகிற ஒரு பொருள் இருப்பதாக வந்திருக்கிறது என்றார். சில சமயம் உடம்பு சரியில்லாத நேரத்தில் சும்மா வந்துவிட்டுப் போகும். சில சமயம் நிரந்தரமாக இருக்கும். எது என்று இப்போது சொல்ல முடியாது. மூன்று மாதம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும்.

"அதுல இல்லைன்னு வந்தா?" என்று கேட்டேன்.

ஆப்பரேஷனாலும் விமானத்தாலும் வந்தது என்று அர்த்தம். ரத்தத்தை இளக்கும் மாத்திரை மூன்று மாதம், அப்புறம் நிறுத்திவிடலாம், ஆடலாம்.

"இருக்குன்னு வந்தா?"

ஆயுள் முழுக்க மாத்திரை. அந்த மாத்திரை சாப்பிடுகிறவன் தலையில் ஒருத்தன் மோதினால் உள்ளே கசிகிற ரத்தம் நிற்காது. "மைதானத்துக்குப் போக நான் கையெழுத்துப் போட மாட்டேன். வேறு எந்த டாக்டரும் போட மாட்டார்" என்றார். சுற்றி வளைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. ஆக, என் தொழில் முழுக்க இரண்டாவது பரிசோதனையில் தொங்கியது.

என் ரத்தத்துக்குப் பழைய வகை மாத்திரைதான் நம்பிக்கை என்று அதையே கொடுத்தார்கள். அதற்கு ஓர் எண் உண்டு. ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று சொல்கிற எண். உங்களுக்கெல்லாம் அது ஒன்று என்றிருக்கும். எனக்கு இரண்டுக்கு மேலே, மூன்றுக்குக் கீழே இருக்க வேண்டும். ஆஸ்பத்திரியிலேயே இரண்டைத் தொட்டது. ஊசியை நிறுத்தி வீட்டுக்கு அனுப்பினார்கள். போகும்போது நர்ஸ் சாப்பாட்டு விஷயம் சொன்னாள். பச்சை இலைகள் அந்த மாத்திரைக்கு எதிரி, கேல், ஸ்பினாச், ப்ராக்கலி இதெல்லாம் பார்த்துச் சாப்பிடுங்கள்.

அம்மா காரில் கேட்டாள். "கேலுன்னா என்ன கண்ணு?"

"சாலட்ல போடுவாங்கம்மா, சுருட்டை சுருட்டையா."

"அந்தக் கருமத்தை நம்ம வீட்டுல யாரு திங்கறா?"

சத்தியமாகச் சொல்கிறேன், அன்றிலிருந்து ஓர் இலை கேல் எங்கள் வீட்டு வாசற்படி தாண்டவில்லை. அப்பா ஃப்ரிட்ஜைச் சுத்தமாகச் சோதனை போட்டு, ஒரு ப்ராக்கலிப் பையை எடுத்துக் குப்பையில் போட்டார். அவர் என்ஜினியர், எதையும் முறையாகச் செய்வார்.

அம்மா முருங்கைக்கீரை சமைக்க ஆரம்பித்தாள்.

பிள்ளைக்கு ரத்தத்தில் கோளாறு என்றால் நம் வீடுகளில் வேறு என்ன செய்வார்கள்? காலையில் முருங்கை சூப். இட்லிக்கு முருங்கைப் பொடி. மதியம் பருப்புப் போட்டுப் பொரியல். ராத்திரி அடை, அதிலும் கைப்பிடி கைப்பிடியாக. இந்தியன் ஸ்டோரில் உறைய வைத்த கீரை தீர்ந்ததும் நியூ ஜெர்சி வெஸ்ட் வின்ட்சரில் இருக்கும் அப்பாவின் தங்கை, என் அத்தை, பொடியாகவே பார்சல் அனுப்பினாள். "சுடு சோத்துல நெய்யோட ரெண்டு ஸ்பூன் போட்டுப் பெசஞ்சு குடுங்க அண்ணி, ரத்தம் சும்மா ஜம்முனு ஊறும்." நான் நன்றாகச் சாப்பிட்டேன். ருசி அப்படி.

என் எண் இறங்க ஆரம்பித்தது. ஒன்றே முக்கால். ஒன்றரை. கிளினிக்கிலிருந்து வாராவாரம் போனில் கேட்பார்கள், கேல் சாப்பிட்டீர்களா, ஸ்பினாச் சாப்பிட்டீர்களா? இல்லவே இல்லை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். பொய்யில்லை. அவர்கள் சொன்னது சாலட், நான் சாப்பிட்டது சாப்பாடு. என் மண்டையில் இரண்டும் ஒன்று சேரவே இல்லை. அவர்கள் மாத்திரையைக் கூட்டினார்கள். பிள்ளைக்கு மாத்திரை கூடுகிறதே என்று அம்மா கீரையைக் கூட்டினாள்.

மார்ச் நடுவில் டெக்ஸாஸ் கோச் கூப்பிட்டார். என் ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது. கல்லூரி முடித்த ஒரு பையனை எடுத்துவிட்டார்களாம். "உடம்பைப் பார்த்துக்கொள்" என்றார். நல்ல மனிதர். அவர் மேல் கோபமில்லை. போனை வைத்துவிட்டு, நித்யாவிடம் "நான் குணமானதும் யாராவது கூப்பிடுவான், பாரு" என்றேன். நம்பித்தான் சொன்னேன். அதே வாரம் கால் மறுபடியும் வீங்கியது.

மறுபடியும் அதே ஆஸ்பத்திரி, அதே காத்திருக்கும் அறை. "பொன்னுசாமி!" என்று கூப்பிட்டால் ஒவ்வொரு தடவையும் அப்பா எழுந்து நிற்பார். "நீங்க உக்காருங்கப்பா, என்னைத்தான்" என்பேன். அன்றைக்கும் எழுந்தார். எனக்குப் பதிலாக அவரே உள்ளே போனால் தேவலை போலிருந்தது.

காலில் கட்டி பெரிதாகியிருந்தது. டாக்டர் எலன் வந்தார். முகம் சரியில்லை. மாத்திரை சாப்பிடும்போதே கட்டி வளர்ந்தால் அது நல்ல அறிகுறி இல்லை என்றார். இரண்டாவது பரிசோதனைக்கு இன்னும் நாள் இருக்கிறது, ஆனால் இதுவே ஒரு பதில் மாதிரிதான் தெரிகிறது என்றார்.

எனக்குப் புரிந்துவிட்டது. நித்யா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். முப்பத்தொரு வயதில் நான் வேறு என்ன வேலைக்குப் போவேன்? எனக்குத் தெரிந்ததெல்லாம் குனிந்து எறிவதுதான். அழுகை வந்தது, அழுதேன். அம்மா எதையும் கேட்காமல் பையைத் திறந்து ஃப்ளாஸ்க்கை எடுத்து, டம்ளரில் ஊற்றி என் கையில் கொடுத்தாள்.

"அழுவாதே சாமி. மொதல்ல இதைக் குடி. சூடா இருக்குது."

கதவு வரை போயிருந்த டாக்டர் எலன் நின்றார். டம்ளரைப் பார்த்தார். நல்ல அடர் பச்சை.

"அது என்ன?"

"மொரிங்கா" என்றாள் அம்மா, பெருமையாக. "ஃபார் ப்ளட். வெரி குட்."

டாக்டர் திரும்பி வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எவ்வளவு கொடுக்கிறீர்கள்? எத்தனை தடவை? அப்பா ஆரம்பித்தார். காலை சூப்பிலிருந்து ராத்திரி அடை வரை, அத்தையின் பார்சல் உள்பட, ஒன்று விடாமல் சொன்னார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"இது கேலுக்கெல்லாம் அப்பன்" என்கிற அர்த்தத்தில் ஏதோ சொன்னார். நாங்கள் மாத்திரையால் ரத்தத்தை இளக்க, உன் அம்மா அதை உறைய வைத்திருக்கிறார். மாத்திரை தோற்றது உன் ரத்தத்தின் குற்றமாக இருக்க வேண்டியதில்லை, இந்த சூப்பாகவும் இருக்கலாம். நான் சற்றுமுன் சொன்னதை மறந்துவிடு. கேள்வி இன்னும் திறந்தேதான் இருக்கிறது.

நானும் சிரித்தேன், கண்ணீரோடே. நித்யா "ஐயோ, பொரியலும்தானே!" என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். அப்பா, "லிஸ்ட்ல முருங்கைன்னு யாரும் சொல்லலையே" என்று நியாயம் பேசிக்கொண்டிருந்தார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. என் கையிலிருந்த டம்ளரை வாங்கி, வாஷ்பேசினில் கொட்டி, ஃப்ளாஸ்க்கையும் கவிழ்த்தாள். குழாயைத் திறந்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"நானே உன்னைக் கொன்னு போட்டுருப்பேனே கண்ணு."

 அவளைத் தேற்றியவர் டாக்டர் எலன். அவர் எழுந்து போய் அம்மாவின் தோளைத் தொட்டார். கீரையை நிறுத்தச் சொல்லவில்லை என்றார். இன்று நிறையவும் நாளை ஒன்றுமில்லாமலும் கொடுத்தால்தான் ஆபத்து. தினமும் கொஞ்சமாக, ஒரே அளவு கொடுங்கள், அதற்கு ஏற்ற மாதிரி நாங்கள் மாத்திரையை வைத்துக்கொள்கிறோம். ஒரே அளவாகக் கொடுக்க முடியுமா?

நித்யா தமிழில் சொன்னாள். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"ஒரே அளவா? முப்பத்தி மூணு வருசமா சாம்பார்ல உப்பு ஒரே அளவுதான் போடறேன். யாராச்சும் ஒரு நாள் குறை சொல்லியிருக்கீங்களா? கேளு நித்யா, அந்தம்மாட்ட கேளு, எவ்வளவுன்னு மட்டும் சொல்லச் சொல்லு."

அரைக் கப் என்றார்கள். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் முருங்கைக்கீரை மருந்துக் கடை மாதிரி நடந்தது. தினமும் மதியம், அதே அரைக் கப், தலை தட்டி, ஒரு காம்பு கூடக்கூடாது. இன்னும் கொஞ்சம் என்று கையை நீட்டினால் கரண்டியால் அடிப்பாள். அத்தை அடுத்த பார்சல் அனுப்பியபோது, "வேண்டாம் கண்ணு, இங்க அளவு போட்டாச்சு" என்று டாக்டர் தோரணையில் பதில் சொன்னாள். என் எண் இரண்டரைக்கு வந்து, நங்கூரம் போட்ட மாதிரி நின்றது.

மே மாதம் இரண்டாவது பரிசோதனை. ரத்தம் எடுத்து, முடிவுக்குக் காத்திருந்தோம். லிவர்மோர் கோவிலுக்குப் போய் அம்மா தினமும் அர்ச்சனை செய்தாள். நான் வீட்டுக்குப் பின்னால் பார்க்கில் எறிந்து பழகினேன். யாரும் மேலே விழாதவரை எறிய டாக்டர் அனுமதித்திருந்தார். பதினைந்து கஜம் தள்ளிப் பிடிக்க ஆள் வேண்டுமே? அப்பா தன் பழைய கிரிக்கெட் கீப்பிங் கையுறையை மாட்டிக்கொண்டு நின்றார். முதல் பந்து நெஞ்சில் பட்டு உட்கார்ந்துவிட்டார். "எட்டு வருஷமா இவ்வளவு வேகமாவாடா எறியற?" என்றார். டிவியில் பார்த்து அவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

டாக்டர் எலன் தானே போன் செய்தார். இல்லை என்றார். அந்தப் பொருள் என் ரத்தத்தில் இல்லை. நான் ஸ்பீக்கரில் போட்டேன், மறுபடியும் சொல்லச் சொன்னேன். ஜூன் கடைசியில் மாத்திரையை நிறுத்தினார், கையெழுத்தும் போட்டார். "இனிமேல் விமானத்தில் எழுந்து நட, தண்ணீர் குடி" என்றார். நீங்களும் அதையே செய்யுங்கள்.

ஜூலையில் யாரும் கூப்பிடவில்லை. ஆகஸ்ட், செப்டம்பரிலும் இல்லை. முப்பத்திரண்டு அணி, அணிக்கு ஒரு ஸ்னாப்பர், எல்லா இடத்திலும் ஆள் இருந்தான். நான் தினமும் எறிந்தேன், அப்பா தினமும் பிடித்தார். அக்டோபரில் நியூ ஜெர்சியில் ஆடும் ஓர் அணியின் ஸ்னாப்பருக்குத் தோள் இறங்கிவிட்டது. என்னையும் சேர்த்து, அணியில்லாமல் இருந்த மூன்று ஸ்னாப்பர்களை வரவழைத்து எறியச் சொன்னார்கள். மற்ற இருவரும் நல்லவர்கள்தான். நான் அவர்களைவிட நல்லவன். அன்றைக்கே சட்டை கொடுத்தார்கள். முதுகில் பொன்னுசாமி.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். அப்பாவும் நித்யாவும் மைதானத்துக்கு வந்தார்கள். அம்மா வரவில்லை. வெஸ்ட் வின்ட்சரில் அத்தை வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்துகொள்கிறேன், அங்கேதான் பேசுவது நன்றாகக் கேட்கும் என்று சொல்லிவிட்டாள். நல்ல குளிர், காற்று வேறு. ஒன்பது தடவை குனிந்தேன். ஒன்பதும் போய்ச் சேர வேண்டிய கையில் சேர்ந்தது. மூன்றாவது தடவை ஒரு மலை என் மேல் முழுசாக விழுந்தது. மூச்சு முட்டியது, கண் இருட்டியது, எழுந்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் அடி வாங்கியதே இல்லை. கடைசி உதையில் ஜெயித்தோம். உதைத்தவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நான் ஹெல்மெட்டைக் கழற்றி, தண்ணீர் குடித்துவிட்டு, உள்ளே போய் அம்மாவுக்குப் போன் போட்டேன்.

மணி அடிப்பதற்குள் எடுத்துவிட்டாள். பின்னால் டிவி அலறிக்கொண்டிருந்தது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

"சாமி, மொதல்லேர்ந்து கடைசி வரைக்கும் காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். ஒருத்தன், ஒரே ஒருத்தன்கூட உங்கப்பா பேரைச் சொல்லல!"